ஸேயா, டெல்லா? ‘சொல்லு’ என்பதை இங்கிலீஷில் சொல்லும் வழி

‘மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்.’ என் மாலை வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே இந்த வாக்கியத்தைக் கொடுத்து, இங்கிலீஷில் சொல்லச் சொல்வேன். பத்துப் பேர் இருந்தால் நாலு விதமான பதில் வரும். ஒருவர் ‘ஐ ஸெட் மேனேஜர்’ என்பார். இன்னொருவர் ‘ஐ டோல்ட் டு மேனேஜர்’ என்பார். கொஞ்சம் இங்கிலீஷ் பழகியவர் ‘ஐ ஸெட் டு மேனேஜர்’ என்று இழுத்து, சரிதானா என்று என் முகத்தைப் பார்ப்பார். யாராவது ஒருவர் ‘ஐ டோல்ட் த மேனேஜர்’ என்று சரியாகச் சொல்லிவிடுவார். ஏன் என்று கேட்டால், ‘அப்படித்தான் சார் வாயில வருது’ என்பார்.

அப்படி வாயில் தானாக வருகிற வரை என்ன செய்வது? அதற்குத்தான் இந்த வழிகாட்டி.

நமக்குச் ‘சொல்’ என்ற ஒரு வினை போதும். கதை சொல்லலாம், பொய் சொல்லலாம், ஆளிடம் சொல்லலாம், வேலை சொல்லலாம், கோள் சொல்லலாம். இங்கிலீஷ்காரர்கள் இந்த வேலையையெல்லாம் ஸே, டெல் என்ற இரண்டு வினைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். நடந்து முடிந்ததைச் சொல்லும்போது அவை ஸெட், டோல்ட் என்று மாறும். அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் நேராகச் ‘சொல்’ என்றே போட்டிருக்கும். அதனால் பொருளை வைத்து இரண்டையும் பிரிக்கப் பார்த்தால் ஓரடிகூட நகர முடியாது. பக்கத்தில் எந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள், பாதிச் சிக்கல் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

இங்கிலீஷ் வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கண்ணால் ஓட்டிவிடாமல் வாய்விட்டுப் படியுங்கள்.

முதல் படி: ஆள் எங்கே என்று தேடுங்கள்

டெல் என்றால் அடுத்த சொல் யாரிடம் சொன்னோமோ அந்த ஆள். நடுவில் எதுவும் நுழையக் கூடாது. ‘டெல் மி’, ‘டெல் ஹிம்’, ‘டோல்ட் த டிரைவர்’, ‘டோல்ட் மை மதர்’. ஆள் இல்லாமல் ‘ஹி டோல்ட் தட் ஹி இஸ் பிஸி’ என்று சொன்னால், கேட்கிறவர் மனதில் ‘யாரிடம்?’ என்ற கேள்வி தொங்கிக்கொண்டு நிற்கும். ‘ஹி டோல்ட் மி தட் ஹி வாஸ் பிஸி’ என்றால் வாக்கியம் உட்கார்ந்துவிடும்.

ஸே நேர் எதிர். அதற்கு ஆள் தேவையில்லை, விஷயம்தான் தேவை. ‘ஹி ஸெட் ஹி வாஸ் பிஸி’ என்பது முழு வாக்கியம். ஆளையும் சேர்த்தே ஆகவேண்டும் என்றால் நடுவில் ‘டு’ வேண்டும்: ‘வாட் டிட் ஹி ஸே டு யூ?’ ‘ஸே மி’ என்ற சேர்க்கை அந்த மொழியில் கிடையவே கிடையாது. ‘ஸெட் மி’, ‘ஸெட் ஹிம்’ எதுவும் கிடையாது. இதை ஒரு பேப்பரில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவைத்தாலும் தப்பில்லை.

நாம் ஏன் ‘டோல்ட் டு’ என்கிறோம்? தமிழில் ‘மேனேஜர்கிட்ட’ என்று ஆளோடு ஓர் ஒட்டு வருகிறதல்லவா, அந்தக் ‘கிட்ட’வுக்கு இங்கிலீஷில் ஒரு இணை தேடுகிறோம். ‘டு’ கைக்குக் கிடைக்கிறது, சொருகிவிடுகிறோம். டெல்லுக்கு உள்ளேயே ‘கிட்ட’ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ‘டு’ போடுவது ‘மேனேஜர்கிட்டகிட்ட’ என்று சொல்வது போல.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. இந்தப் பாடம் முடிந்த கையோடு சிலர் எல்லா வினைகளிலிருந்தும் ‘டு’வைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். ‘எக்ஸ்ப்ளெயின் மி’ என்பது அப்படி வருகிற தவறு. எக்ஸ்ப்ளெயின் ஸேயின் கட்சி: ‘எக்ஸ்ப்ளெயின் இட் டு மி’. இன்ஃபார்ம் டெல்லின் கட்சி: ‘இன்ஃபார்ம் த ஆபீஸ்’, ‘டு’ வேண்டாம். புது வினை ஒன்று கற்கும்போது அது எந்தக் கட்சி என்று அப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: தமிழிலேயே ஒரு முறை மாற்றிப் பாருங்கள்

இது நானாகப் பிடித்த குறுக்குவழி. சொல்ல வந்த தமிழ் வாக்கியத்தில் ‘சொன்னேன்’ இருக்கும் இடத்தில் ‘தெரியப்படுத்தினேன்’ என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் பெரும்பாலும் டெல். ‘என்றேன்’ என்று போட்டால்தான் பொருந்துகிறது என்றால் ஸே.

‘அம்மாகிட்ட சொன்னேன்’ என்பது அம்மாவுக்குத் தெரியப்படுத்தினேன் என்றாகும். எனவே ‘ஐ டோல்ட் மை மதர்’. ‘வேணாம்னு சொன்னேன்’ என்பது வேண்டாம் என்றேன் என்றாகும். எனவே ‘ஐ ஸெட் நோ’. நம் செய்தித்தாள்களைக் கவனித்தால் இந்தப் பிரிவு அங்கேயும் கொஞ்சம் தெரியும். ‘அமைச்சர் கூறினார்’ என்கிற இடத்தில் இங்கிலீஷ் பேப்பர் ஸெட் போடும். ‘நிருபர்களிடம் தெரிவித்தார்’ என்று வருகிற இடத்தில் ‘டோல்ட் ரிப்போர்ட்டர்ஸ்’ என்றிருக்கும். ஒரே செய்தியை இரண்டு பேப்பரிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதைவிடச் செலவில்லாத பயிற்சி வேறில்லை.

ஒரே செயலுக்கு ஆளைப் பார்த்து வேறு சொல் எடுப்பது தமிழுக்குப் புதிதுமில்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் ஒன்றைக் கேட்பதற்கே மூன்று சொற்களைப் பிரித்துக் கொடுக்கிறது: தன்னைவிட உயர்ந்தவரிடம் கேட்பவன் ‘ஈ’ என்பான், சமமானவரிடம் கேட்பவன் ‘தா’ என்பான், தாழ்ந்தவரிடம் கேட்பவன் ‘கொடு’ என்பான். இப்போது நாம் அப்படிப் பார்ப்பதில்லை. ஆனாலும் இங்கிலீஷ்காரன் மட்டும் எதற்கு ஒரே வேலைக்கு இரண்டு சொல் வைத்திருக்கிறான் என்று யாராவது அலுத்துக்கொண்டால் இதை நினைவுபடுத்துவேன்.

மூன்றாம் படி: ‘ன்னு’வில் மாட்டிக்கொள்ளாதீர்கள்

நான் அதிகம் நேரம் செலவிடுவது இங்கேதான். ஸே, டெல் இரண்டையும் சரியாக எடுத்தவர்களும் அதன் பிறகு வருகிற வாக்கியத்தில் சறுக்குகிறார்கள்.

தமிழில் ‘என்று’, அதாவது பேச்சில் ‘ன்னு’, ஒரு தபால்காரர் மாதிரி. ஒருவர் சொன்னதைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுவந்து கொடுத்துவிடும். ‘நாளைக்கு வர்றேன்னு சொன்னான்.’ உள்ளே இருக்கும் ‘வர்றேன்’ அவன் சொன்னது, அவன் வாயில் வந்தபடியே இருக்கிறது. இங்கிலீஷ் தபால்காரர் கவரைப் பிரித்து, உள்ளே இருப்பதைத் தன் கையெழுத்தில் திருப்பி எழுதித் தருவார். ‘நான்’ என்பது ‘அவன்’ ஆகும். வரப்போவது, நேற்று நின்று பார்த்தால் வரவிருந்தது ஆகும்: ‘ஹி ஸெட் ஹி வுட் கம்.’

இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு முறை நேரிலேயே பார்த்தேன். வகுப்புக்கு வரும் ஒரு பையன் பில் போடும் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ‘குமார் நான் பணம் கட்டிட்டேன்னு சொன்னான்’ என்பதைத் தன் மேலதிகாரிக்கு இப்படி எழுதியிருந்தான்: ‘குமார் ஸெட் ஐ பெய்ட் த மனி.’ தமிழில் அந்த ‘நான்’ குமாராகவும் இருக்கலாம், பேசுகிறவனாகவும் இருக்கலாம். சூழ்நிலையைப் பார்த்து நாம் புரிந்துகொள்வோம். இங்கிலீஷில் அந்த ‘ஐ’க்கு ஒரே அர்த்தம்தான்: எழுதியவன். குமார் கட்டிய பணத்தைத் தானே கட்டியதாக எழுதிக் கொடுத்துவிட்டான். ரசீதைத் தேடி, குமாரைக் கூப்பிட்டு, அரை நாள் போயிற்று. எழுத வேண்டியது ‘குமார் ஸெட் ஹி ஹேட் பெய்ட் த மனி.’

ஆக, ‘ன்னு’ வந்தால் மூன்று கேள்விகள். உள்ளே இருக்கும் ‘நான்’ யார்? சொன்னது எப்போது? அதைக் கேட்ட ஆளை நான் குறிப்பிடப் போகிறேனா? ஆளைக் குறிப்பிட்டால் டோல்ட், இல்லாவிட்டால் ஸெட். ‘ஹி ஸெட் ஹி ஹேட் பெய்ட்’, ‘ஹி டோல்ட் மி ஹி ஹேட் பெய்ட்’ இரண்டும் சரி. நான் புதியவர்களுக்கு ஸெட்டையே சிபாரிசு செய்வேன். ஆளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், தடுக்கி விழ ஒரு கல் குறைவு.

போன் இன்னும் காதில் இருக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதானால் காலத்தை மாற்றத் தேவையில்லை. ‘வந்துக்கிட்டிருக்கேன்னு சொல்றான்’ என்பதற்கு ‘ஹி ஸெஸ் ஹி இஸ் ஆன் ஹிஸ் வே.’ ஆனால் ‘நான்’, ‘அவன்’ மாற்றம் அப்போதும் உண்டு.

உச்சரிப்பையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். ஸே என்பதில் நெடில். ஆனால் அவன் சொல்கிறான் என்று வரும்போது ‘ஸேஸ்’ அல்ல, ‘ஸெஸ்’. சொன்னான் என்பது ‘ஸெய்ட்’ அல்ல, ‘ஸெட்’. எழுத்தைப் பார்த்துப் படித்தவர்கள் நீட்டுவார்கள், காதால் கற்றவர்கள் நீட்ட மாட்டார்கள்.

நான்காம் படி: வேலை சொல்வதா, செய்தி சொல்வதா?

‘வெயிட் பண்ணச் சொன்னாங்க.’ இங்கே யாரும் செய்தி சொல்லவில்லை, ஒரு வேலையைச் செய்யச் சொல்கிறார்கள். ‘வரச் சொன்னான்’, ‘எழுதச் சொன்னாங்க’, ‘கையெழுத்துப் போடச் சொன்னார்’ எல்லாம் இந்த வகை. இதற்கு டெல். ஆள், அதன் பின் ‘டு’, அதன் பின் வினை: ‘தே டோல்ட் மி டு வெயிட்.’ இங்கே வருகிற ‘டு’ ஆளுக்கு முன்னால் வருவதில்லை, செய்ய வேண்டிய வேலைக்கு முன்னால் வருகிறது. இடம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரி, பேங்க், ரிஜிஸ்டர் ஆபீஸ் எங்கே போனாலும் யார் சொன்னார்கள் என்று நமக்கே தெரியாது; ஏதோ ஒரு கவுண்டரில் யாரோ சொன்னார்கள். அதற்கு இங்கிலீஷில் அருமையான ஒரு வழி இருக்கிறது: ‘ஐ வாஸ் டோல்ட் டு வெயிட்.’ யார் மீதும் பழி போடாமல் விஷயத்தைச் சொல்லிவிடலாம். ‘டாக்டர் பதினொரு மணிக்குத்தான் வருவார்னு சொன்னாங்க’ என்பதும் அப்படியே: ‘ஐ வாஸ் டோல்ட் த டாக்டர் வுட் கம் ஒன்லி அட் லெவன்.’ இதே இடத்தில் ‘ஐ வாஸ் ஸெட்’ என்று போட்டுவிடாதீர்கள், அப்படி ஒன்று இல்லை.

ஊர் பேசுவது வேறு. ‘அவர் பெரிய பணக்காரர்னு சொல்லிக்கிறாங்க.’ இது யாரிடமும் குறிப்பாகச் சொன்னதில்லை, காற்றில் வருகிற பேச்சு. அதனால் ஸே: ‘தே ஸே ஹி இஸ் வெரி ரிச்.’ கொஞ்சம் ஏட்டு நடையில் ‘ஹி இஸ் ஸெட் டு பி வெரி ரிச்.’ தமிழில் ‘சொல்லிக்கிறாங்க’ என்று வந்தாலே ‘தே ஸே’ என்று கையைத் தூக்கிவிடலாம்.

மரியாதை விஷயம் ஒன்று. டெல்லோடு வேலையைச் சேர்த்தால் அதில் அதிகாரம் ஏறும். உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவரை, வீட்டுப் பிள்ளைகளை அப்படிச் சொல்லலாம். ‘ஐ டோல்ட் த மேனேஜர் டு கம்’ என்றால் மேனேஜருக்கு நீங்கள் உத்தரவு போட்டதாக ஆகிவிடும். அங்கே டோல்டை எடுத்துவிட்டு ‘ஆஸ்க்ட்’ போட வேண்டும்: ‘ஐ ஆஸ்க்ட் த மேனேஜர் டு கம்.’ தமிழில் ‘வாங்க சார்னு சொன்னேன்’ என்று வினையின் வாலிலேயே மரியாதையைக் கட்டிவிடுகிறோம். இங்கிலீஷ் வினைக்கு அப்படி வால் கிடையாது. வினையையே மாற்றித்தான் மரியாதை காட்ட வேண்டும்.

‘சொன்ன பேச்சைக் கேளு’ என்று அம்மா அதட்டுவது ‘டூ அஸ் யூ ஆர் டோல்ட்.’ ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்று கையை ஆட்டிக்கொண்டு வருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அங்கே அவர்கள் சொல்வது ‘ஐ டோல்ட் யூ ஸோ.’

ஐந்தாம் படி: சில சொற்கள் ஜோடியாகவே வரும், கேள்வி கேட்காமல் மனப்பாடம் செய்யுங்கள்

உண்மை, பொய், கதை, ஜோக், ரகசியம். இந்த ஐந்தும் டெல்லோடு போகும். ‘டெல் த ட்ரூத்.’ ‘டோன்ட் டெல் லைஸ்.’ ‘டெல் எ ஸ்டோரி.’ இங்கே ஆள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, முதல் படியின் சட்டம் தளர்ந்துவிடும். ‘ஸே த ட்ரூத்’ என்று நம்மவர்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். புரியும், ஆனால் நெருடும்.

ஹலோ, ஸாரி, தேங்க்ஸ், யெஸ், நோ, குட்பை. இவை ஸேயோடு போகும். இவையெல்லாம் வாயில் வருகிற அதே சொற்கள் என்பதைக் கவனியுங்கள். ‘ஸாரி சொல்லு’ என்றால் ஸாரி என்ற சொல்லே வாயில் வர வேண்டும், எனவே ‘ஸே ஸாரி’. மேடையில் ‘ரெண்டு வார்த்தை பேசுங்க’ என்று மைக்கைக் கையில் திணிப்பது ‘ஸே எ ஃப்யூ வேர்ட்ஸ்’. ‘என் மூஞ்சிக்கு நேரா சொல்லு பார்க்கலாம்’ என்பதும் ஸே: ‘ஸே இட் டு மை ஃபேஸ்.’ செய்தி ஏற்கெனவே எனக்குத் தெரியும், அந்தச் சொற்களை உன் வாயால் கேட்க வேண்டும் என்பதல்லவா சவால்.

இனி, தமிழில் ‘சொல்’ வராத இடத்திலும் இங்கிலீஷில் டெல் வருகிற சில இடங்கள். குழந்தைக்கு மணி பார்க்கத் தெரியுமா? ‘கேன் ஷி டெல் த டைம்?’ நாம் மணியைப் பார்க்கிறோம், அவர்கள் சொல்கிறார்கள். இரட்டைப் பிள்ளைகளில் யார் எவர் என்று தெரியவில்லை: ‘ஐ கான்ட் டெல் தெம் அபார்ட்.’ நாட்டுத் தக்காளிக்கும் பெங்களூர் தக்காளிக்கும் வித்தியாசம் தெரியுமா என்றால் ‘கேன் யூ டெல் த டிஃபரன்ஸ்?’

ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. டெல் என்ற சொல்லுக்குப் பழைய இங்கிலீஷில் எண்ணுவது, கணக்கிடுவது என்ற பொருளும் இருந்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் எண்ணுவதற்கு ‘ட்ஸேலன்’, கதை சொல்வதற்கு ‘எர்ட்ஸேலன்’. இரண்டும் ஒரே வேர். ஒன்றையொன்று பிரித்து எண்ணினால்தானே இது வேறு அது வேறு என்று சொல்ல முடியும். பேங்க் கவுண்டரில் பணம் எண்ணிக் கொடுப்பவருக்கு டெல்லர் என்று பெயர் வந்ததும் இதிலிருந்துதான். நாம் தினமும் போகிற ஏ.டி.எம்.மின் நடு எழுத்து அந்த டெல்லர்தான். ‘ஆல் டோல்ட்’ என்றால் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தால், ஆக மொத்தம் என்று அர்த்தம். இதைக் கேட்ட பிறகு டெல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நோட்டு எண்ணும் விரல்கள்தான் ஞாபகம் வரும். அந்த விரல்களுக்கு எதிரே வாங்கிக்கொள்ள ஓர் ஆளும் நிற்கிறார் என்று சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள், முதல் படியும் மறக்காது.

ஆறாம் படி: போர்டு பேசும்

‘பேப்பர்ல போட்டிருக்கு’, ‘போர்டுல எழுதியிருக்கு’, ‘கடிகாரத்துல பத்து காட்டுது’. தமிழில் எழுத்து போட்டிருக்கும், எழுதியிருக்கும், காட்டும். சாதாரணமாக எழுத்தே வாய் திறந்து பேசுவதில்லை. இங்கிலீஷில் பேசும், அதுவும் ஸேயில்தான் பேசும். ‘த போர்ட் ஸெஸ் நோ பார்க்கிங்.’ ‘த க்ளாக் ஸெஸ் டென்.’ மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ‘சாப்பாட்டுக்கு அப்புறம்னு போட்டிருக்கு’ என்றால் ‘இட் ஸெஸ் ஆஃப்டர் ஃபுட்.’ ‘இட் இஸ் ரிட்டன் தட்’ என்று சுற்றிக்கொண்டு போவதைவிட இது எவ்வளவு சுருக்கம் பாருங்கள். நம்மவர்கள் இந்த ஸேயை அநேகமாக எடுப்பதேயில்லை. எடுக்க ஆரம்பித்தால் உங்கள் இங்கிலீஷ் ஒரே வாரத்தில் ஒரு சுற்று இளைத்து அழகாகிவிடும்.

‘ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம்’ என்பதற்கும் ஸேதான். ‘லெட்ஸ் ஸே ஐந்நூறு ரூபாய்’ என்றால் ஒரு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தட்டிலோ டம்ளரிலோ ஊற்றிக்கொண்டே ‘போதும்னா சொல்லு’ என்கிறோமே, அது ‘ஸே வென்’. பந்தியில் சாம்பார் வாளியோடு வருகிறவரிடம் இதைச் சொல்லிப் பார்க்க ஆசைதான்.

ஏழாம் படி: போனை எடுத்தவுடன் ‘டெல் மி’ வேண்டாம்

‘ஹலோ, சொல்லுங்க.’ நம் ஊரில் இது மரியாதையான தொடக்கம். பேச வந்தவருக்கு வழிவிட்டு உட்கார்கிறோம். இதையே ‘யெஸ், டெல் மி’ என்று இங்கிலீஷில் போட்டு வெளிநாட்டுக்காரரிடம் பேசினால், ‘ம், என்ன விஷயம், சொல்லு’ என்று அதட்டுவது போல அவர் காதில் விழலாம். இந்தியாவுக்குள் பேசும்போது இது சகஜம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசும் வேலை என்றால் ‘ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?’ என்று தொடங்குங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது இடையில் ‘சொல்லுங்க சொல்லுங்க’ என்று அவரைப் பேசவிட வேண்டுமானால் ‘ப்ளீஸ் கோ அஹெட்’.

‘சும்மா சொன்னேன்’ என்பதையும் அப்படியே ‘ஸிம்ப்ளி ஐ டோல்ட்’ என்று பெயர்த்துவிடுகிறோம். அங்கே டெல்லும் வேண்டாம் ஸிம்ப்ளியும் வேண்டாம்: ‘ஐ வாஸ் ஜஸ்ட் கிட்டிங்.’ ‘அவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்’ என்பது இன்னும் சிக்கல். வேலைக்கோ அட்மிஷனுக்கோ முன்கூட்டியே காதில் போட்டு வைப்பதை ‘ஐ ஹாவ் ஸ்போக்கன் டு ஹிம்’ என்று சொல்லிவிட்டால் போதும். எல்லாச் ‘சொல்’லும் இந்த இரண்டுக்குள் அடங்காது.

எப்படிப் பழகுவது

அகராதி வாங்குவதானால் ஆங்கிலத்தைக் கற்பவர்களுக்கென்றே போட்ட அகராதியாகப் பாருங்கள். இந்த வகைக்கு முன்னோடியான ஏ.எஸ். ஹார்ன்பி ஜப்பானில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய அகராதி 1942இல் டோக்கியோவில்தான் முதலில் வெளிவந்தது, 1948இல் ஆக்ஸ்போர்ட் அதை எடுத்து வெளியிட்டது. ஒவ்வொரு வினைக்கும் பின்னால் எது வரும், எது வராது என்ற அமைப்பைப் போட்டுக் காட்டியதுதான் அதன் சிறப்பு. இன்றைய பதிப்புகளிலும் டெல் என்ற சொல்லுக்குப் போனால் பக்கத்தில் ‘சம்படி’ என்று போட்டிருக்கும். அங்கே ஓர் ஆளை உட்கார வைக்க வேண்டும் என்று அர்த்தம். பொருளைப் படித்துவிட்டு மூடிவிடாமல் அந்தச் ‘சம்படி’யையும் கீழே உள்ள உதாரணங்களையும் படியுங்கள்.

அப்புறம், தினமும் ராத்திரி அன்றைக்கு நீங்கள் சொன்ன, கேட்ட ஐந்து ‘சொல்’ வாக்கியங்களை எழுதுங்கள். பாடப் புத்தகத்தில் இருப்பதை எழுத வேண்டாம், உங்கள் வாயில் வந்ததையே எழுதுங்கள். ‘கேஸ்காரன் நாளைக்குத்தான் வருவேன்னு சொன்னான்.’ ‘பொண்ணு ஸ்கூல்ல நடந்ததை எல்லாம் சொன்னா.’ ‘இறங்குற இடம் வந்தா சொல்லுங்கன்னு கண்டக்டர்கிட்ட சொன்னேன்.’ முதலாவது ஸெட், ஆள் இல்லை. இரண்டாவதில் ஆள் வாய்விட்டு வரவில்லை, ஆனால் உங்களிடம்தான் சொன்னாள். ‘ஷி டோல்ட் மி எவ்ரிதிங்’ என்று ஆளை வெளியே எடுத்து வைக்க வேண்டும். தமிழ் விட்டுவிடும் ஆளை இங்கிலீஷ் கேட்டு வாங்கும். மூன்றாவதில் இரண்டு ‘சொல்’ இருக்கிறது. உள்ளே இருப்பது டெல். வெளியே இருப்பதை ‘ஆஸ்க்ட்’ ஆக்குங்கள்: ‘ஐ ஆஸ்க்ட் த கண்டக்டர் டு டெல் மி வென் மை ஸ்டாப் கேம்.’ மூன்றாம் படியில் சொன்ன கவர் மாற்றம் இங்கேயும் நடந்திருக்கிறது, பார்த்தீர்களா?

இரண்டு சொல்லும் தத்தம் இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கும் ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ள விரும்பினால், நான் கொடுப்பது இது. ஊருக்குப் போகிற நண்பரிடம் ‘அம்மாவைக் கேட்டதாச் சொல்லு’ என்போமே, அதுதான்: ‘டெல் யுவர் மதர் ஐ ஸெட் ஹலோ.’ அம்மாவுக்குப் போய்ச் சேர வேண்டியது செய்தி, அதனால் டெல். என் வாயில் வந்தது ஹலோ, அதனால் ஸெட்.

கடைசியாக, வகுப்பில் ஒரு பெண் கேட்டு என்னைக் கொஞ்சம் நிறுத்திய வாக்கியம்: ‘சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான்.’ ஸேயா, டெல்லா? இரண்டும் வரும். வீட்டில் யாருக்கும் தெரியாமல் கிளம்பிவிட்டான் என்றால் ‘ஹி லெஃப்ட் விதவுட் டெல்லிங் எனிஒன்.’ எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான் என்றால் ‘ஹி லெஃப்ட் விதவுட் ஸேயிங் எ வேர்ட்.’ எப்படிப் போனான் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘ரெண்டாவது சார்’ என்றாள்.